பழைய லாரியில் கோளாறு: பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்க நினைக்கும் ஒருவர் வாங்கும் முதல் லாரி, பெரும்பாலும் வேறொருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றதாகத்தான் இருக்கும். ராயக்கோட்டைத் தக்காளி, காவேரிப்பட்டணத்து மாங்காய், குவாரிகளின் கருங்கல் என்று லோடுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. ஆனாலும் வண்டி வாங்கிய சில மாதங்களுக்குள் வரும் முதல் கோளாறிலேயே பலருடைய கைம்முதல் கரைந்துவிடுகிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல், இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதால்தான் பெரும்பாலும் அந்த இழப்பு ஏற்படுகிறது. காரணத்தைக் கண்டறிவது என்பது தனியான ஒரு வேலை. அது பழுதுபார்ப்பதற்கு முன்னால் நடக்க வேண்டியது. அதற்குப் பெரும்பாலும் ஸ்பானர்கூடத் தேவைப்படுவதில்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை, மெக்கானிக் அல்லாத வண்டிக்காரருக்குப் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

இங்கே சொல்லப்படுபவை, டீசலை அழுத்தத்தோடு சிலிண்டருக்கு அனுப்பும் இயந்திரமுறைப் பம்ப் கொண்ட பழைய டீசல் லாரிகளுக்குப் பொருந்துபவை. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றையொட்டி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் டீசல் செலுத்தலைக் கணினியும் சென்சார்களும் கட்டுப்படுத்துவதால், அவற்றைச் சோதிக்கும் முறை வேறு.

என் முதல் வண்டியில் நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். காலையில் செல்ப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. நான்கைந்து முறை நீண்ட நேரம் அடித்த பிறகுதான் இருமிக்கொண்டு கிளம்பும். ஒருமுறை கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். இரண்டு பேட்டரிகளையும் மாற்றினேன். மற்றொரு பட்டறையில் பம்ப் சரியில்லை என்றார்கள்; பம்பைக் கழற்றி, பெஞ்சில் ஏற்றி, அளவு சரிசெய்து பூட்டினார்கள். இரண்டு செலவுக்குப் பிறகும் காலையில் அதே இருமல்தான்.

கடைசியில், பாலக்கோடு சாலையில் தகரக் கொட்டகை போட்டிருந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "வண்டி மூஞ்சி பள்ளத்தைப் பார்த்து நிக்கிற அன்னைக்கு எப்படிப்பா ஸ்டார்ட் ஆகுது? உருட்டிவிட்டு இல்ல, செல்ப்புலேயே" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருவின் சரிவில் முகம் கீழ்நோக்கி நிறுத்திய நாள்களில் செல்ப்பிலேயே உடனே ஸ்டார்ட் ஆகியிருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக எண்ணியதே இல்லை. "அப்போ பேட்டரியும் இல்ல, பம்ப்பும் இல்லண்ணே, அப்படித்தானே?" என்றேன். அவர் பதில் சொல்லாமல், டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சித் தரும் சிறிய பீட் பம்ப்புக்கு வரும் ரப்பர் ஹோஸின் ஒரு துண்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிபோல் தெளிவான ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டார். மஞ்சள் நிற டீசலுக்குள் கடுகு அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன். குழாய் மூட்டில் இருந்த ஒரு செம்பு வாஷர் தேய்ந்து காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றியவுடன் கோளாறு தீர்ந்தது.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய இயல்பு ஒன்று இருக்கிறது. டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. ஆகவே அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அந்தப் பகுதியில் ஓட்டை விழுந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். துணியால் துடைத்துப் பார்த்தால் ஈரம்கூட இராது. பீட் பம்ப்புக்கு அப்பால் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் வெளியே கசிந்து நம் கண்ணில் பட்டுவிடும். இரவு முழுவதும் வண்டி நிற்கும்போது, காற்று புகுந்த குழாயிலிருந்து டீசல் மெல்ல இறங்கி டேங்குக்கே திரும்பிவிடுகிறது; காலையில் செல்ப் அடிக்கும்போது அந்த வெற்றுக் குழாய் நிரம்பும்வரை இன்ஜினுக்கு டீசல் கிடைப்பதில்லை. முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் டேங்க் சற்று உயர்ந்துவிடுவதால் டீசல் பின்வாங்குவதில்லை. பெரியவர் கேட்ட ஒற்றைக் கேள்விக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது. தெளிவான குழாய் கிடைக்காவிட்டால், சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றைச் சற்று உயரத்தில் வைத்து, பீட் பம்ப்புக்கு நேரடியாக அதிலிருந்து குழாய் கொடுத்துப் பார்க்கலாம். வண்டி சரியாக ஓடினால் கோளாறு டேங்குக்கும் பீட் பம்ப்புக்கும் இடையில் இருக்கிறது என்பது உறுதியாகிவிடும்.

காரணம் கண்டறிவதன் முதல் படி, கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று எழுதிவைப்பது. காலையில் மட்டுமா, சூடேறிய பிறகா, லோடு ஏற்றினால் மட்டுமா, மழைக்குப் பின்னரா, கடைசியாக எந்த வேலை பார்த்த பிறகு என்ற விவரங்கள் மெக்கானிக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கோளாறு வராத வேளைகளும் அதே அளவுக்கு முக்கியம் என்பதைத்தான் நான் அன்று கற்றுக்கொண்டேன். இரண்டாவது படி, வண்டியின் அமைப்பை இரண்டு பாதியாகப் பிரித்து, கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று ஒரு சோதனையால் முடிவுசெய்வது. பிறகு அந்தப் பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிப்பது. கேனிலிருந்து டீசல் கொடுத்துப் பார்ப்பது அத்தகைய சோதனைதான். மூன்றாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பில்டர், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில், பேட்டரி மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியானால், எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில், சரியான நொடியில் பனிபோலத் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எனவே ஸ்டார்ட் ஆகாத இன்ஜினில் தேட வேண்டியவை மிகச் சில: போதிய வேகத்தில் சுற்றுகிறதா, காற்று வருகிறதா, அழுத்தம் நிற்கிறதா, டீசல் போய்ச் சேர்கிறதா. செல்ப் அடிக்கும்போது ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. காற்றுப் பிடிப்பு, அடைத்த பில்டர், இன்ஜினை நிறுத்தும் கம்பி இழுத்த நிலையிலேயே சிக்கியிருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் போகிறது, ஆனால் பற்றிக்கொள்ளப் போதிய சூடு இல்லை. சுற்றும் வேகம், சிலிண்டர் அழுத்தம், பம்ப் டீசலை அனுப்பும் நேரமான டைமிங் என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். செலவில்லாத இந்த ஒரே பார்வை, கோளாற்றின் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் உடனே பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலான லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் ஒரு பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது இரண்டில் ஒன்று மட்டும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்த ஒன்றில்தான் குறை. இரண்டும் தாங்கி நின்றும் சுற்றல் மந்தமாக இருந்தால், வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜின் உடலிலும் வைத்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருவேறிய எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குவதே மருந்து.

ஓடும் இன்ஜினின் புகைக்கும் மொழி உண்டு. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: குவாரித் தூசியில் ஓடும் நம் பகுதி வண்டிகளில் முதலில் ஏர் பில்டரைத் தட்டிப் பாருங்கள், பிறகு சொட்டும் நாசிலைச் சந்தேகியுங்கள். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு கைடு, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருந்தால் அதன் சீல் ஆகியவற்றில் தேய்மானம். சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகையோடு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது என்று கொள்ளலாம். இன்ஜின் ஒரு காலை நொண்டுவதுபோல் ஓடினால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஒன்று மாற்றி ஒன்றாகச் சற்றே தளர்த்தி இறுக்குவது பழைய மெக்கானிக்குகளின் முறை. தளர்த்தியவுடன் ஓட்டம் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் நொண்டுவது அதுதான். இதைப் பழகியவர் கையால், கண்ணாடியும் கையுறையும் அணிந்துதான் செய்ய வேண்டும். அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் முறை டீசல் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாருக்கும் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) மேல் போகும்.

இன்ஜின் சூடேறுவது இந்தப் பாதையில் ஓடும் பழைய வண்டிகளின் நீண்ட நாள் துன்பம். சேலத்திலிருந்து லோடோடு வரும் வண்டி தொப்பூர் கணவாயில் ஒருமுறை ஏறுகிறது. பிறகு கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சூளகிரி வழியாக ஓசூர் நோக்கி மீண்டும் ஏறுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சிறு அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி அந்தக் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தித் தருகிறது. ரப்பர் வளையம் கெட்டுப்போன மூடி இந்த வேலையைச் செய்யாது. எனவே மேட்டில் தண்ணீர் பொங்குகிறது என்றவுடன் ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன், விலை குறைந்த அந்த மூடியைப் பார்ப்பது நல்லது.

இங்கும் "எப்போது" என்ற கேள்விதான் வழிகாட்டி. நின்ற நிலையில் சூடேறி, ஓடும்போது இறங்கினால் காற்று இழுக்கும் விசிறியும் அதன் பெல்ட்டும் சரியில்லை. சமவெளியில் ஒழுங்காக இருந்து மேட்டில் மட்டும் ஏறினால் ரேடியேட்டரின் உள்குழாய் அடைப்பு, வெளியே தகடுகளுக்கிடையில் அப்பிய மண், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தவுடனேயே, தண்ணீர் சூடாவதற்கு முன்பே குமிழிகள் தொடர்ந்து வந்தால், சிலிண்டரில் உள்ள வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போயிருக்க வேண்டும், அல்லது ஹெட் விரிசல் விட்டிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் பலர். தயவுசெய்து இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். வறண்டு கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். சூடேறுகிறது என்று, தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமலேயே ஓடி லைனரும் ரிங்கும் விரைவில் தேயும் என்பதால், அதை நான் ஏற்பதில்லை.

சத்தங்களுக்கு ஒரே ஒரு பாகுபாடு போதும். நின்ற வண்டியில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் கூடுகிறதா? அப்படியானால் அது இன்ஜின் பக்கம். வண்டி நகரும் வேகத்தோடு மட்டும் கூடுகிறதா? அப்படியானால் சுழல் தண்டின் கிராஸ் ஜாயின்ட், பின் அச்சின் ஹவுசிங், சக்கர பேரிங் பக்கம். கிளச்சை மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளச் பேரிங்.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; மற்ற கோளாறுகள் பணத்தைத்தான் கேட்கும், இது உயிரைக் கேட்கும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். 16 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறைச்சூட்டில் உள்ள ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அந்தச் சூட்டில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஏறும் கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள். டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் விட்டால் எல்லாச் சூடும் பிரேக் டிரம்மில் மட்டுமே இறங்குகிறது. டிரம் விரிகிறது, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங் வழுக்குகிறது, மிதித்தாலும் பிடிப்பதில்லை. பிரேக் பெயிலியர் என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றில் எந்தப் பாகமும் உடைந்திருக்காது. சூட்டால் பிடிமானம் இல்லாமல் போயிருக்கும். அந்நிலையில் ஆறிய பிறகு சோதித்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும் என்பதால், காரணம் தெரியாமலே போய்விடவும் கூடும்.

காற்று பிரேக் அமைப்பைப் பாதியாகப் பிரித்துச் சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காற்றழுத்த மானியில் காற்று முழு அளவுக்கு ஏறியதும் இன்ஜினை நிறுத்துங்கள். மிதிக்காமலேயே முள் இறங்கினால் கசிவு கம்ப்ரஸருக்கும் பிரேக் வால்வுக்கும் இடையிலோ, டேங்கிலோ, ஹேண்ட் பிரேக் பாதையிலோ இருக்கிறது. மிதிக்காதபோது நின்று, மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் இறங்கினால் பிரேக் வால்விலோ, அதற்கு அப்பால் சக்கரங்களின் பக்கம் உள்ள ஹோஸ், காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் சேம்பரின் டயபிரம் ஆகியவற்றிலோ ஓட்டை இருக்கிறது. ஒருவர் மிதித்திருக்க, மற்றவர் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே போனால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். பின்சக்கரச் சேம்பரில் ஹேண்ட் பிரேக்குக்கான பெரிய ஸ்பிரிங் அழுத்திவைக்கப்பட்டிருப்பதால் அதைத் தெரியாதவர்கள் பிரிக்கவே கூடாது. தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். காற்று டேங்கின் அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றும்போது உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு நிறைய வந்தால் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது.

எந்தச் சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை என்பதற்கும் ஒரு வழி உண்டு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வழக்கம்போல் பிரேக் போட்டு ஓட்டி நிறுத்திய பிறகு, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் பிடிக்கவில்லை. மற்றவை அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே லைனிங் பொருத்திய ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு விடுபடாமல் இருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. குளிர்ந்திருந்த சக்கரத்தில் பெரும்பாலும், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, சேம்பரின் தண்டு தன் முழு நீளத்துக்கும் நகர்ந்தும் ஷூ டிரம்மை எட்டாத நிலை இருக்கும். அதைச் சரிசெய்யும்போது ஒரே அச்சின் இரு பக்கத்தையும் சமமாக வையுங்கள். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதிய லைனிங் போட்ட வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்தவுடன் முழு லோடோடு கணவாயில் இறக்காமல், சில நாள்கள் சமவெளியில் ஓட்டி, லைனிங் டிரம்மோடு படிந்த பிறகு இடைவெளியை மீண்டும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யுங்கள். படியும்போது அந்த இடைவெளி கூடிவிடும் என்பது, எப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்டத் தயாரான வண்டியிலும் பலர் தவறவிடும் ஒன்று.